நாய்களுக்கு உண்டாகும் சொறியும் தோல் ஒவ்வாமையும்

ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கோயில் கொண்டுள்ள திருத்தலம். விருத்தாசலத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள இவ்வூரைச் சுற்றிலும் நெல்லும் கரும்பும், மேட்டுப் பாங்கான நிலங்களில் மணிலாவும் முந்திரியும் விளைகின்றன. வராக மூர்த்தியை வணங்கும் இவ்வட்டாரத்திலேயே, மணிலாக் கொல்லைக்குள் இறங்கும் பன்றியை இராக்காலத்தில் குரைத்து விரட்டும் பொறுப்பு நாயினிடம் ஒப்படைக்கப்பட்டிருப்பது ஒரு வேடிக்கைதான். களத்தில் குவித்த நெல்லுக்கும், தொழுவத்தில் கட்டிய கன்றுக்கும், தனித்த மோட்டார்க் கொட்டகைக்கும் காவல் இருப்பதும் அதுவே. இதற்காக அது பெறும் கூலி மிஞ்சிய சோறும் மோரும்.

இத்தகைய பிராணிக்குத் தோலில் நோய் கண்டுவிட்டால் நாம் செய்வதென்ன? மாட்டுக்கு வியாதி வந்தால் அன்றே கால்நடை மருந்தகத்திற்கு ஆள் அனுப்புகிறோம். ஆட்டுக்கு வந்தாலும் அவ்வாறே. நாய்க்கு மயிர் உதிர்ந்து, தோல் தடித்து, நாற்றம் எடுக்கத் தொடங்கினால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று நடக்கிறது. வண்டிப் பட்டறையிலிருந்து கழிவு எண்ணெயை வாங்கி வந்து உடல் முழுவதும் பூசுவர். அல்லது வயலுக்குத் தெளிக்கும் மருந்தில் சிறிது நீர் கலந்து ஊற்றுவர். இரண்டும் பயனளிக்காதபோது ஊர் எல்லையில் கொண்டுபோய் விட்டுவிடுவர். அவ்வாறு விடப்பட்ட நாய் தெருநாய்க் கூட்டத்தில் சேர்ந்து, தன் நோயை மற்றவற்றிற்கும் கொடுத்து, சில மாதங்களில் அக்கூட்டத்துடன் நம் தெருவிற்கே திரும்பி வருகிறது. தோலெல்லாம் உரிந்த அதன் தோற்றத்தைக் கண்டு வெறிநாய் என அஞ்சி அடித்துக் கொல்பவர்களும் உண்டு. ஆனால் வெறிநோய் மூளையையும் நரம்பையும் பற்றுவது. சொறியோ தோலோடு நிற்பது. சொறி பிடித்த நாய் அக்காரணத்தால் வெறிநாய் ஆகிவிடுவதில்லை.

இவற்றுள் பெரும்பாலானவை குணப்படுத்தக் கூடிய நோய்கள். ஆனால் எது எந்த நோய் என்பதைத் தெரிந்துகொண்ட பின்னரே மருந்திட வேண்டும். ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நஞ்சாக முடிவதுண்டு. இக்கட்டுரையில் நாம் வற்புறுத்த விரும்புவது இந்த ஒன்றையே.

அரிப்பு எதனால் உண்டாகிறது?

நம் மக்கள் நாயின் தோல் வியாதி அனைத்தையும் ‘சொறி’ என்ற ஒரே சொல்லால் குறிக்கின்றனர். மருத்துவர் கண்ணுக்கு இச்சொல்லுக்குள் குறைந்தது ஐந்தாறு நோய்கள் அடங்கியிருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத சொறிப்பூச்சிகளால் உண்டாவது ஒரு வகை. தெள்ளுப்பூச்சி, உண்ணி, பேன் முதலியவற்றின் கடியால் உண்டாவது ஒரு வகை. பூஞ்சைக் காளானால் உண்டாவது ஒரு வகை. உடலுக்கு ஒவ்வாத பொருள்களால் உண்டாவது இன்னொரு வகை. இவற்றுள் எதுவாயினும், நாய் ஓயாமல் சொறிந்து தோலைப் புண்ணாக்கிக்கொண்ட பின்பு அப்புண்ணில் சீழ்க்கிருமிகள் புகுந்து இரண்டாவது நோய் ஒன்றை உண்டாக்கிவிடுகின்றன. நாம் நாயைக் கவனிக்கும் சமயத்தில் முதல் நோய் மறைந்து இரண்டாவதே கண்ணுக்குத் தெரிகிறது. இதனால்தான் பார்வையால் மட்டும் முடிவு கட்டுவது மருத்துவருக்கே கடினமாயிருக்கிறது.

இருவகைச் சொறிப்பூச்சிகள்

முதலாவது ‘சார்காப்டிஸ்’ எனப்படும் பூச்சி. ஊசி முனையினும் சிறியது. பெண் பூச்சி தோலின் மேற்படையைக் குடைந்து சுரங்கம் அமைத்து, அதற்குள் முட்டையிட்டுக்கொண்டே செல்கிறது. முட்டை பொரிந்து மீண்டும் முட்டையிடும் பூச்சியாவதற்கு ஏறத்தாழ மூன்று வாரங்கள் போதும். மயிர் குறைந்த இடங்களையே இது முதலில் பற்றும். காது மடலின் விளிம்பு, முழங்கை, பின்னங்காலின் குதிமூட்டு, அடிவயிறு ஆகிய இடங்களில் மஞ்சள் நிறப் பொருக்கு கட்டத் தொடங்கும். அரிப்போ தாங்க முடியாததாக இருக்கும். நாய் உண்ணாமல், உறங்காமல், இரவு முழுதும் சொறிந்துகொண்டே இருந்து இளைத்துப் போகும்.

இதனைச் சந்தேகிக்க எளிய சோதனை ஒன்றுண்டு. நாயின் காது மடல் நுனியை மடக்கி, அதன் அடிப்பகுதியின் மேல் வைத்து விரல்களால் சற்று நேரம் தேய்க்க வேண்டும். சார்காப்டிஸ் சொறியுள்ள நாய்களுள் பெரும்பான்மையானவை அந்தப் பக்கத்துப் பின்னங்காலைத் தாமே தூக்கிச் சொறிவது போல் அசைக்கும். இது முடிவான சான்று ஆகாது; ஆயினும் மருந்தகத்திற்கு அழைத்துச் செல்ல இதைக் காட்டிலும் நல்ல காரணம் வேண்டியதில்லை. சோதனை செய்தபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவிக்கொள்க.

சொறிக்கு இத்தகைய பூச்சி காரணம் என்பதை உலகம் அறிந்து மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகின்றது. இத்தாலிய நாட்டு மருத்துவர் பொனோமோ என்பவர் 1687-ஆம் ஆண்டில், மனிதரின் சிரங்குக்குக் காரணம் தோலுக்குள் வாழும் நுண்ணிய பூச்சியே என எழுதி வெளியிட்டார். இரத்தம் கெட்டுப்போவதால் சிரங்கு வருகிறது என்று நம்பியிருந்த அக்காலத்து அறிஞர்கள் அதனை எளிதில் ஏற்கவில்லை. இன்றும் நம் ஊர்களில் நாய்க்குச் சொறி கண்டால் ‘சூடு அதிகமாகிவிட்டது’ என்று சொல்லி எலுமிச்சம் பழத்தைத் தேய்ப்பவர்களைக் காண்கிறோம். பிளந்த தோலில் எலுமிச்சைச் சாறு படும்போது நாய் அலறுகிறது. பூச்சியோ தன் சுரங்கத்தில் சுகமாக இருக்கிறது.

இரண்டாவது பூச்சி ‘டெமோடெக்ஸ்’. இது மயிர்க்கால்களுக்குள் வாழ்வது. ஆரோக்கியமான நாயின் உடலிலும் இது சிறிதளவு இருக்கும். பிறந்த சில நாட்களுக்குள் பால் குடிக்கும்போது தாயிடமிருந்து குட்டிக்கு வந்து சேரும். உடலின் எதிர்ப்பு வலிமை குன்றும்போது இது பெருகி, கண்ணைச் சுற்றியும் வாயோரங்களிலும் முன்னங்கால்களிலும் மயிர் உதிர்ந்து சொட்டை விழும். தொடக்கத்தில் அரிப்பு மிகுதியாக இராது. இது மற்ற நாய்களுக்கோ மனிதருக்கோ தொற்றுவதன்று. ஒரு வயதுக்குட்பட்ட குட்டியின் உடலில் நாலைந்து இடங்களில் மட்டும் காணப்பட்டால், பெரும்பாலும் நல்ல உணவினாலும் குடற்புழு நீக்கத்தினாலும் தானே ஆறிவிடும். உடல் முழுதும் பரவிச் சீழ் பிடித்தால் மாதக்கணக்கில் சிகிச்சை தேவைப்படும். அத்தகைய நாயை இனப்பெருக்கத்திற்குப் பயன்படுத்தாதிருத்தல் நலம். எதிர்ப்புக் குறை குட்டிகளுக்கும் செல்கிறது. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை முதலிய நம் நாட்டு இனங்களைக் குட்டிக்காக வளர்ப்போர் இதை மனத்திற்கொள்ள வேண்டும்.

இவ்விரண்டையும் பிரித்தறியச் செலவு மிகுந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. மழுங்கிய கத்தி அலகினால் தோலைச் சுரண்டி எடுத்து, கண்ணாடிச் சில்லில் ஒரு துளி எண்ணெயில் கலந்து, நுண்ணோக்கியில் பார்த்தால் போதும். டெமோடெக்ஸைக் காணத் தோலைப் பிதுக்கி, இரத்தம் கசியும் அளவு ஆழமாகச் சுரண்டுவர். இதைக் கண்டு, நாயைத் துன்புறுத்துகிறார்களே என்று உரிமையாளர் மருத்துவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். சார்காப்டிஸ் சில சமயம் சுரண்டலில் அகப்படாமலும் போகும். அப்போது அடையாளங்களைக் கொண்டே மருத்துவர் சிகிச்சையைத் தொடங்குவார்.

குழந்தைக்கு அரிப்பு வந்தால்

வீட்டு நாய் துரத்தப்படுவதற்கு முதற்காரணம் குழந்தையின் உடலில் தோன்றும் அரிப்பே. நாயின் சார்காப்டிஸ் பூச்சி மனிதர் மேலும் ஏறும். கடித்துச் சிவந்த பருக்களை உண்டாக்கும். நாயைத் தூக்கி வைத்துக்கொள்ளும் முன்கை, வயிறு, தொடை ஆகிய இடங்களில் இவை தோன்றும். ஆயினும் நாய்ப் பூச்சியால் மனிதத் தோலில் பெருகித் தலைமுறை வளர்க்க இயலாது. நாய்க்குச் சிகிச்சை செய்துவிட்டால், ஓரிரு வாரங்களில் மனிதருக்குள்ள அரிப்பு அடங்கிவிடும்.

மனிதரின் சிரங்கு என்பது வேறு. அதை உண்டாக்கும் பூச்சி அதே குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவுவது. விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் கண்டு, இரவில் மிகுந்து, வீட்டிலுள்ளோர் ஒவ்வொருவராகச் சொறியத் தொடங்கினால் அது பள்ளியிலிருந்தோ விடுதியிலிருந்தோ வந்த மனிதச் சிரங்காக இருக்கக் கூடும். அதற்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வீட்டார் அனைவரும் ஒரே சமயத்தில் மருந்து பெற்றுப் பூசிக்கொள்ள வேண்டும். இவ்வேற்றுமை தெரியாமல் நாயைத் துரத்திவிட்ட பின்பும் குழந்தை சொறிந்துகொண்டே இருப்பதை எத்தனையோ வீடுகளில் காணலாம்.

நாயிடமிருந்து மெய்யாகவே மனிதருக்கும், கன்றுக்கும் பூனைக்கும் பரவி நிலைக்கக் கூடியது படர்தாமரை. வட்ட வட்டமாக மயிர் முறிந்து, ஓரம் சிவந்து, செதில் உதிரும். இது பூஞ்சைக் காளானால் உண்டாவது. சொறிப்பூச்சி மருந்தினால் இது தீராது. கடைகளில் கேட்டவுடன் கிடைக்கும் ‘ஸ்டீராய்டு’ கலந்த களிம்புகளைப் பூசினால் இரண்டு நாளில் சிவப்பு மறையும். பூஞ்சையோ உள்ளே நன்கு பரவும். மனிதருக்கு இக்களிம்புகள் விளைவித்துவரும் கேடு போதும். நாய்க்கும் அதைத் தேட வேண்டாம். மேலும் நாய் தன் உடலில் பூசியதை எல்லாம் நக்கிவிடும்.

ஒவ்வாமை

‘அலர்ஜி’ என்னும் சொல்லை வியன்னா நகரத்து மருத்துவர் வான் பிர்க்கே 1906-ஆம் ஆண்டில் உருவாக்கினார். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, தீங்கற்ற ஒரு பொருளையும் பகையாகக் கருதி அளவுக்கு மீறிப் போர் தொடுப்பதையே இது குறிக்கும். நாய்களில் இப்போர் பெரும்பாலும் தோலில் நடைபெறுகிறது. மனிதருக்குத் தும்மலாகவும் இளைப்பாகவும் வெளிப்படுவது நாய்க்கு அரிப்பாக வெளிப்படுகிறது.

நம் ஊர் நாய்களுக்கு மிகுதியாக உள்ளது தெள்ளுப்பூச்சி ஒவ்வாமை. தெள்ளு கடிக்கும்போது அதன் உமிழ்நீர் தோலுக்குள் செல்கிறது. அதற்கு ஒவ்வாத நாய்க்கு ஒருசில கடிகளே போதும். பல நாட்கள் அரிக்கும். இடுப்பின் மேற்புறம், வாலடி, தொடையின் உட்புறம் ஆகிய இடங்களை நாய் பல்லால் கடித்துக் கடித்து மயிரை இழக்கும். காது விளிம்பில் தொடங்குவது சார்காப்டிஸ், வாலடியில் தொடங்குவது தெள்ளு என்று பொதுவாக நினைவிற்கொள்ளலாம். ‘எங்கள் நாயின் மேல் தெள்ளே இல்லையே!’ என்று சிலர் கூறுவர். நாய் அவற்றை நக்கி விழுங்கிவிடுவதால் காணப்படாமல் இருக்கலாம். மயிரை விலக்கிப் பார்த்தால் மிளகுத்தூள் போன்ற கரிய துகள்கள் தெரியும். அவற்றை நனைத்த வெள்ளைத் துணியில் வைத்தால் செந்நிறமாகக் கசியும். அது தெள்ளின் எச்சம், நாயின் இரத்தம்.

தெள்ளைப் பற்றி ஒரு கணக்கு உண்டு. ஓர் இடத்திலுள்ள தெள்ளுகளில் வளர்ந்த பூச்சியாக நாயின் மேல் இருப்பவை நூற்றுக்கு ஐந்து மட்டுமே. எஞ்சியவை முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் நாய் படுக்கும் மண்ணிலும், சாக்கிலும், திண்ணை வெடிப்பிலும் கிடக்கின்றன. ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40 முட்டைகள் வரை இடும். கூட்டுப்புழு மாதக்கணக்கில் காத்திருந்து, அருகில் பிராணி நடமாடும் அசைவை உணர்ந்து வெளிவரும். ஆகவே நாயின் உடலுக்கு மட்டும் மருந்திட்டுவிட்டு அது படுக்கும் பழைய கோணியை அப்படியே விட்டுவைத்தால், இரு வாரங்களில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். கோணியை எரித்துவிடுவதே நன்று. படுக்கும் இடத்தை நாள்தோறும் பெருக்கி, வெயில் படச் செய்து, சுவர் வெடிப்புகளைப் பூசி அடைக்க வேண்டும். வெடிப்பை அடைப்பதால் இன்னொரு பயனும் உண்டு. நாயுண்ணி இரத்தம் குடித்தபின் கீழிறங்கி அவ்வெடிப்புகளில்தான் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. உண்ணி அரிப்பை மட்டும் தருவதன்று. இரத்தத்தில் கிருமிகளையும் செலுத்துவது. ஈறு வெளுத்து, காய்ச்சல் கண்டு, மூக்கில் இரத்தம் கசிந்தால் அது தோல் வியாதியன்று. உடனே மருத்துவரிடம் போதல் வேண்டும்.

தெள்ளும் உண்ணியும் இல்லாமல், ஆறு மாதம் முதல் மூன்று வயதிற்குள் தொடங்கி, பாதங்களை நக்கிக்கொண்டும் முகத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டும் காதைச் சொறிந்துகொண்டும் இருக்கும் நாய்க்குத் தூசிப்பூச்சியோ மகரந்தமோ ஒவ்வாததாக இருக்கலாம். இதனை அடியோடு நீக்க இயலாது, அடக்கி வைக்கலாம். இதற்கான புதிய மருந்துகள் விலை மிகுந்தவை. குறுகிய காலத்திற்கு ஸ்டீராய்டு மாத்திரை பயன்படுத்துவதும் உண்டு. ஆனால் டெமோடெக்ஸ் உள்ள நாய்க்கு அதே மாத்திரையைக் கொடுத்தால் நோய் உடல் முழுதும் பரவிவிடும். சுரண்டிப் பார்க்காமல் ஸ்டீராய்டு கொடுக்கலாகாது என்பதன் காரணம் இதுவே.

உணவு ஒவ்வாமை இவற்றினும் குறைவாகக் காணப்படுவது. மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை ஆகியவையே அயல்நாட்டு ஆராய்ச்சிகளில் முன்னிற்கின்றன. சந்தேகம் எழுந்தால், நாய் இதுவரை உண்ணாத புரதம் ஒன்றையும் அரிசிச் சோற்றையும் மட்டும் எட்டு வாரங்கள் கொடுத்துப் பார்க்க வேண்டும். இடையில் பக்கத்து வீட்டார் ஒரு கோழி எலும்பை எறிந்தாலும் சோதனை கெட்டுவிடும். தெருவில் சுற்றும் நாயிடம் இதனைச் செய்து முடிப்பது பெரும்பாடு என்பதை நாம் மறைக்கவில்லை.

நம் வட்டாரத்திற்கே உரிய ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். முந்திரிக் கொட்டையின் தோட்டில் உள்ள எண்ணெய் கையில் பட்டால் தோல் வெந்து உரியும் என்பது கொட்டை உடைக்கும் பெண்களுக்கு நன்கு தெரியும். தோட்டுக் குவியலின் மேல் படுக்கும் நாய்க்கும் மயிரற்ற அடிவயிற்றில் அவ்வாறே நேரலாம். அதற்குச் சொறி மருந்தால் பயனில்லை. சோப்பிட்டுக் கழுவி, குவியலிலிருந்து நாயை விலக்குவதே வழி. சில நாய்களுக்குப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் உண்பதாலும் மூக்கும் உதடும் வெளுத்துப் புண்ணாகும். விருத்தாசலத்துப் பீங்கான் கிண்ணம் இருக்கும் ஊரில் பிளாஸ்டிக்கைத் தேடுவானேன்!

சீழ்ப்புண்

சொறிந்து கிழிந்த தோலில், இயல்பாகவே நாயின் உடலில் வாழும் ‘ஸ்டெஃபிலோகாக்கஸ்’ இனக் கிருமி பெருகிச் சீழ்ப் பருக்களை உண்டாக்குகிறது. பரு உடைந்தபின் வட்டமான செதில் வளையம் எஞ்சும். இதனைப் படர்தாமரை என எண்ணி ஏமாறுவோர் பலர். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் ஈரம் காயாத காதுகளிலும் விரல் இடுக்குகளிலும் ஈஸ்ட் என்னும் பூஞ்சை பெருகி, தோல் பிசுபிசுத்து, ஊசிய நெய் போன்ற நாற்றம் வீசும். மேலோட்டமான இத்தொற்றுகளுக்குக் குளோர்ஹெக்சிடின் கலந்த கழுவு மருந்தைத் தேய்த்து, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவி, நன்றாகத் துவட்டுவது பெரும் பயன் தருகிறது. ஆழ்ந்த புண்ணுக்கு மருத்துவர் ‘ஆன்டிபயாட்டிக்’ மாத்திரை எழுதிக் கொடுத்தால் அவர் சொன்ன நாள்வரை முழுதும் கொடுக்க வேண்டும். நான்கு நாளில் புண் காய்ந்ததென்று நிறுத்தி, மிச்ச மாத்திரையை அடுத்த முறைக்கென்று பரணில் வைப்பதால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாகின்றன. அவை வீட்டிலுள்ளோரையும் பற்றக் கூடியவை.

செய்யத் தகாதனவும் செய்யத் தகுவனவும்

கழிவு எண்ணெயைப் பற்றி நேர்மையாகவே சொல்ல வேண்டும். அதைப் பூசியவுடன் பொருக்கு இளகுகிறது. அரிப்பும் சிறிது தணிகிறது. அதனால் மக்கள் அதில் நம்பிக்கை வைத்துள்ளனர். ஆனால் அதிலுள்ள கன உலோகங்களும் பெட்ரோலியப் பொருள்களும் புண்பட்ட தோல் வழியாகவும், நக்குவதால் வாய் வழியாகவும் உடலுக்குள் சென்று ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கின்றன. மண்ணெண்ணெயும் அத்தகையதே.

வயல் மருந்து இதனினும் கொடியது. முன்னாட்களில் பி.எச்.சி. தூளை நாயின் மேல் தூவுவது வழக்கமாயிருந்தது. 1997-ஆம் ஆண்டில் அம்மருந்தே இந்தியாவில் தடை செய்யப்பட்டது. இப்போது நெல்லுக்கும் பருத்திக்கும் அடிக்கும் மருந்துகளை ஊற்றுகின்றனர். ஆர்கனோ பாஸ்பரஸ் வகை மருந்து தோலில் ஊறினால், சில மணி நேரத்திற்குள் வாயில் நீர் ஒழுகி, கண்பாவை சுருங்கி, உடல் உதறி, மூச்சுத் திணறி நாய் இறந்துவிடும். அதைத் தடவிக்கொடுக்கும் குழந்தையின் கையிலும் அம்மருந்து ஒட்டும். தவறி ஊற்றிவிட்டால், கையுறை அணிந்து சோப்பு நீரால் பலமுறை கழுவி, மருந்துப் புட்டியுடன் நாயைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். ‘அட்ரோபின்’ ஊசி உரிய நேரத்தில் கிடைத்தால் பிழைக்க வாய்ப்புண்டு.

வேப்பெண்ணெயும் புங்க எண்ணெயும் தேங்காயெண்ணெயில் கலந்து சிறிதளவு பூசப்பட்டால் தோலை மென்மையாக்கும்; பூச்சிகளை ஓரளவு விலக்கும். துணை மருந்து என்ற அளவில் அவற்றைக் கொள்ளலாம். அவை மட்டும் சார்காப்டிஸைத் தீர்த்துவிடும் என்று நம்பிக் காலம் கடத்தலாகாது. கந்தகத்தின் நிலை வேறு. சுண்ணாம்பும் கந்தகமும் கலந்து தயாரித்த கரைசலை வாரம் ஒருமுறையாகச் சில வாரங்கள் ஊற்றினால் சார்காப்டிஸும் படர்தாமரையும் அடங்கும் என்பதை இன்றைய மருத்துவமும் ஒப்புக்கொள்கிறது. நாற்றத்தைத்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்!

தற்காலத்தில் மிகுதியாகப் பயன்படுவது ‘ஐவர்மெக்டின்’. ஜப்பான் நாட்டு மண்ணில் ஓமுரா என்ற அறிஞர் கண்டெடுத்த நுண்ணுயிரிலிருந்து பிறந்த இம்மருந்துக்காக, அவரும் காம்பெல் என்பவரும் 2015-ஆம் ஆண்டில் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். சார்காப்டிஸுக்கு இது கைகண்ட மருந்து. முட்டைகளை இது அழிப்பதில்லை. ஆதலால் முதல் ஊசிக்குப் பின் பொரிந்து வெளிவரும் பூச்சிகளைக் கொல்ல ஏறத்தாழ இரு வாரம் கழித்து மீண்டும் போடுவர். முதல் ஊசியிலேயே அரிப்பு நின்றுவிடுவதால் இரண்டாவதற்கு வராதவர்களே அதிகம். நோய் திரும்புவதும் அதனாலேயே. மாட்டுக்கு வாங்கிய மருந்தை நாய்க்கும் நாமே போட்டுவிடலாம் என்று எண்ண வேண்டாம். அது மாட்டின் எடைக்கு அமைந்த அடர்த்தியான கரைசல். சிறு நாய்க்கு அரைத் துளி மிகுந்தாலும் தீங்கு விளையலாம். ‘காலி’ முதலிய சில அயல்நாட்டு மேய்ச்சல் இனங்களுக்கு இது மூளையைத் தாக்கும் நஞ்சாகும். ‘அமிட்ராஸ்’ என்னும் ஊற்று மருந்தையும், அண்மையில் வந்துள்ள மாத்திரைகளையும் மருத்துவர் நாயின் எடையும் வயதும் பார்த்துக் கொடுப்பார். நாய்க்குப் பயன்படும் ‘பெர்மெத்ரின்’ பூனைக்கு ஆகாது என்பதையும், இரண்டையும் வளர்ப்போர் நினைவிற்கொள்க.

பஞ்சாயத்தின் பங்கு

வீட்டு நாய்க்கு மருந்திட்டாலும், தெருவில் பத்து நாய்கள் சொறியுடன் திரிந்தால் நோய் திரும்பி வரும். 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி, தெருநாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்விக்கும் கடமை உள்ளாட்சி அமைப்புகளைச் சேர்ந்தது. ஒரு நாயைப் பிடிப்பதே இவ்வேலையில் கடினமான பகுதி. பிடித்த நாயின் உடலில் சொறி இருக்கக் கண்டும், தடுப்பூசி மட்டும் போட்டு விட்டுவிடுவது சிக்கனமாகாது. சென்னை மாநகராட்சி 2024-ஆம் ஆண்டு எடுத்த கணக்கில் அந்நகரில் ஏறத்தாழ 1.80 இலட்சம் தெருநாய்கள் இருந்தன. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அவற்றுக்குப் பெருமளவில் வெறிநோய்த் தடுப்பூசி போடத் தொடங்கியபோது, உடலின் உள்ளும் புறமும் வாழும் ஒட்டுண்ணிகளுக்கான மருந்தையும் மாநகராட்சி உடன் அளித்தது. அவ்வளவு பெரிய நகரத்தில் இயன்றது ஒரு பேரூராட்சிக்கும், அதைச் சூழ்ந்த கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் இயலாததன்று. பக்கத்துப் பஞ்சாயத்துகள் ஒரே வாரத்தில் சேர்ந்து நடத்துவதே முறை. நாய்க்குப் பஞ்சாயத்து எல்லை தெரியாது.

மாசி மக உற்சவத்தின் போதும் மற்ற விழா நாட்களிலும் தெருக்களில் குவியும் எச்சில் இலைகளும், இறைச்சிக் கடைக் கழிவும் நாய்களை ஓரிடத்தில் நெருக்கமாகச் சேர்க்கின்றன. ஒன்றன் உடல் மற்றொன்றில் உராய்வதே சார்காப்டிஸ் பரவும் வழி. இலைகளை அன்றன்றே அகற்றுவது சுகாதாரத்திற்கென்று நாம் செய்வது. சொறியும் அதனால் குறையும்.

கருத்தடைக்காக நாயை அடித்தோ கழுத்தில் கம்பியிட்டு இழுத்தோ பிடிக்க இடந்தரக் கூடாது. சொறி பிடித்த நாய் அரிப்பாலும் பசியாலும் எரிச்சல் மிகுந்திருக்கும், கடிக்கவும் செய்யும். எந்த நாய் கடித்தாலும் புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெறிநோய்த் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். கடித்தது சொறிநாய்தானே, வெறிநாய் அன்றே என்று தாமதிப்பது உயிருக்கு ஆபத்து. சொறிநாய்க்கும் தடுப்பூசி போட்டிருக்க வேண்டுமல்லவா?

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கிவிடுமாதலால், புரட்டாசி மாதத்திற்குள் வீட்டு நாய்களை ஒருமுறை மருந்தகத்தில் காட்டுவது வசதி. அழைத்துச் செல்லுமுன் குளிப்பாட்டவோ எண்ணெய் பூசவோ வேண்டாம். சுரண்டிப் பார்க்க அது இடையூறாகும். இதுவரை என்னென்ன பூசினோம், என்ன ஊசி போட்டோம், வீட்டில் வேறு யாருக்கு அரிப்பு உண்டு என்பவற்றைக் கூச்சமின்றிச் சொல்ல வேண்டும். வயல் மருந்து ஊற்றியிருந்தால் அதன் பெயரையும் மறைக்கலாகாது. நாயைக் கொண்டுசெல்ல முடியாத நிலையில் 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கேட்கலாம். முதல் ஊசி போட்ட அன்றே, இரண்டாவது ஊசிக்கு வரவேண்டிய தேதியை மருத்துவரிடம் கேட்டு, வீட்டு நாட்காட்டியில் குறித்துவிடுக.